மெய்ன் காட்டில் தீனி வைத்துக் கருங்கரடி வேட்டை: ஆறு நாள் பேக்கேஜ் எதற்குக் காசு வாங்குகிறது?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வழிகாட்டிகள் விற்கும் கரடி வேட்டைப் பேக்கேஜ்களின் விளம்பரங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஆறு நாள் தங்கல், சாப்பாடு, கரடி வந்துபோகும் தீனித்தளம், உட்காரப் பரண், சுட்டபின் காட்டிலிருந்து இழுத்து வர ஆள். விலை பெரும்பாலும் 2,000 டாலரிலிருந்து 3,500 டாலருக்குள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேட்டை அங்கே சட்டப்படி கிடையாது என்பதால்தான் ஏழு நாள் ஆறாகிறது. திங்கள் மதியம் பரணேறி, சனி இரவு மூட்டை கட்ட வேண்டும்.

அந்த ஆறு மாலைகளுக்குத்தான் காசு என்று நினைத்து முன்பணம் கட்டுகிறவர்கள் அதிகம். நீங்கள் வந்து இறங்குவதற்கு முந்தைய நான்கு வாரங்களில் வழிகாட்டி காட்டுக்குள் என்ன செய்தார் என்பதில்தான் காசு மதிப்பு முழுக்க இருக்கிறது. ஆகஸ்ட் கடைசித் திங்களன்று பருவம் திறக்கும். அதற்கு 30 நாள் முன்பிருந்து தீனி வைக்கலாம். அந்த ஒரு மாதத்தை ஒழுங்காக நடத்திய முகாமில் ஆறு மாலையே அதிகம். நடத்தாத முகாமில் ஆறு வாரம் உட்கார்ந்தாலும் அணிலைப் பார்த்துவிட்டு வரலாம்.

கட்டணத்தில் சேராதவற்றை முதலிலேயே கணக்கில் வையுங்கள். வேட்டை உரிமம், கரடி அனுமதிச் சீட்டு, கறி வெட்டிக் கட்டும் செலவு, தோல் பதனிடும் செலவு, வழிகாட்டிக்கான டிப்ஸ் எல்லாம் தனி. வடக்கே போனால் 35 லட்சம் ஏக்கர் மரக் கம்பெனி நிலங்களை நிர்வகிக்கும் நார்த் மெய்ன் வுட்ஸ் அமைப்பின் கேட்டைத் தாண்ட வேண்டும். அங்கே நாள் கட்டணம், தங்கும் கட்டணம் உண்டு. டிப்ஸ் பத்திலிருந்து இருபது சதவீதம் என்பது நடைமுறை. 2,500 என்று போட்டிருந்தால் கையில் 3,500 இருந்தால்தான் நிம்மதி.

தீனித்தளத்துக்கு வருவோம். நடுநாயகம் 55 கேலன் இரும்பு டிரம். அதை நல்ல தடிமனான சங்கிலியால் மரத்தோடு கட்டியிருக்க வேண்டும். கயிறோ மெல்லிய கம்பியோ போட்டிருந்தால் பெரிய ஆண் கரடி முதல் இரவிலேயே உருட்டிப் புதருக்குள் கொண்டுபோய்விடும். அப்புறம் அது தின்னும் இடத்துக்கும் உங்கள் பரணுக்கும் சம்பந்தமே இருக்காது. டிரம்மில் ஓட்டை போடுவதிலும் விஷயம் இருக்கிறது. கைமட்டும் நுழையும் அளவு சின்னதாக இருக்கலாம், அல்லது ஒரு பக்கம் முழுவதும் திறந்திருக்கலாம். இடைப்பட்ட அளவு ஆபத்து. இளங்கரடி தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். வெட்டிய விளிம்பைச் சுத்தியலால் மடக்காமல் விட்டால் பாதம் கிழியும், அந்தக் கரடி அதற்கப்புறம் அங்கே வராது. சின்ன ஓட்டையால் இன்னொரு லாபம், கரடி ஒரு வாய் எடுத்துக்கொண்டு ஓட முடியாது. நின்று, பக்கவாட்டாகத் திரும்பி, கையை விட்டுத் துழாவ வேண்டும். அந்த நிலையில்தான் உங்களுக்குக் குறி கிடைக்கும். டிரம்முக்கு முன்னால் மரக்கட்டைகளைச் சாய்த்து வைத்துக் கரடி நிற்கும் கோணத்தையே தீர்மானிக்கிறவர்கள் தொழில் தெரிந்தவர்கள்.

டிரம்மைச் சுற்றி மண்ணில் பொரித்த எண்ணெய் ஊற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஓட்டல்களில் மிஞ்சும் பழைய எண்ணெய்தான், பைசா பெறாத சரக்கு. ஆனால் தளத்தை ஓட்டுவதே அதுதான். கரடி அதில் மிதித்துவிட்டுக் காடு முழுக்க நடக்கும், அதன் காலடித் தடத்தை மோப்பம் பிடித்து அடுத்த கரடி வரும். மழை பெய்தாலும் எண்ணெய் வாசம் போகாது. தூரத்துக்கு இழுக்க சோம்பு எண்ணெய், புகைவாசத் திரவம், தேனைச் சட்டியில் கருகவிட்டு எழுப்பும் புகை என்று ஆளாளுக்கு ஒரு ரகசியம் வைத்திருப்பார்கள். எல்லாம் வேலை செய்யும், எதுவும் மந்திரம் கிடையாது. எண்ணெயும் தவறாத தீனியும் இல்லாவிட்டால் எந்த வாசனைப் புட்டியும் காப்பாற்றாது.

தீனி என்றால் பெரும்பாலும் பேக்கரிக் கழிவு: பழைய டோனட், பிஸ்கட், ரொட்டி. கூடவே ஓட்ஸ், பாப்கார்ன், மேலே கரும்புப் பாகு. ஆகஸ்ட் வெயிலில் இறைச்சி இரண்டு நாளில் புழுத்துவிடும் என்பதால் விவரமானவர்கள் அதை நம்புவதில்லை. சாக்லேட் வைக்கிற முகாமாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அதிலுள்ள தியோபுரோமின் கரடிக்கு விஷம். 2014 செப்டம்பரில் பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில் சாக்லேட்டும் டோனட்டும் கொட்டிய ஒரே தளத்தில் நான்கு கரடிகள் செத்துக் கிடந்தன. அதற்குப் பிறகு அந்த மாநிலம் சாக்லேட்டைத் தடை செய்தது.

அளவுதான் பலர் கோட்டை விடுகிற இடம். ஒரு முறைக்கு ஐந்து கேலன் வாளி ஒன்றோ இரண்டோ, தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், ஏறக்குறைய அதே நேரத்தில். இதுதான் ஆரோக்கியமான தளம். டிரம் இரண்டு நாள் காலியாகக் கிடந்தால் பெரிய ஆண் அடுத்த மலைக்குப் போய்விடும், திரும்பி வர ஒரு வாரம் ஆகலாம். மாறாக டிரம்மை வழிய வழிய நிரப்பிவிட்டு வாரம் ஒருமுறை எட்டிப்பார்க்கிற வழிகாட்டியிடம் வேறு கோளாறு வரும். எப்போது போனாலும் கிடைக்கும் என்று கரடிக்குத் தெரிந்துவிடுவதால் அது அவசரமே இல்லாமல் நள்ளிரவில் வந்து சாப்பிடும். கேமராவில் பிரமாதமான படங்கள் விழும், எல்லாம் இரவு ஒரு மணி, இரண்டு மணி. ஆகவே முன்பதிவுக்கு முன்னால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "தீனி போடுகிற ஆள் யார், வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை மணிக்கு?" சட்டென்று பதில் வந்தால் நல்லது. பேச்சு போன வருஷம் அடித்த கரடியின் எடைக்குத் தாவினால் யோசியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நேரில் சரிபார்க்கலாம். வண்டி போகும் பாதையிலிருந்து தளம் குறைந்தது 50 கெஜம் உள்ளே இருக்க வேண்டும். குப்பைக் கிடங்கு, முகாம் மைதானம் ஆகியவற்றிலிருந்து 500 கெஜத்துக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். ஆள் குடியிருக்கும் வீட்டுக்கும் அதே தூரம், வீட்டுக்காரர் எழுத்தில் அனுமதித்தால் மட்டும் விலக்கு. நில உரிமையாளரின் சம்மதம் கட்டாயம். தீனி வைத்தவரின் பெயரும் முகவரியும் எழுதிய 2க்கு 4 அங்குல அட்டை தளத்தில் தெரியும்படி தொங்க வேண்டும். முதல் நாள் பரணேறும்போதே அந்த அட்டையைத் தேடுங்கள். அது இல்லாத தளத்தில் உட்காராதீர்கள். அட்டையில் சோம்பல்படுகிறவர் பரணில் நீங்கள் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட்டையும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

பரண் டிரம்மிலிருந்து 15 முதல் 20 கெஜம், உயரம் 12 முதல் 18 அடி என்பது வில்லுக்குச் சரியான கணக்கு. ரைஃபிளுக்கு இன்னும் தள்ளிப் போடலாம். இதைவிட உயரமாக ஏறினால் அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலோடு நின்றுவிடும். காற்று தளத்திலிருந்து பரணை நோக்கியோ குறுக்காகவோ வர வேண்டும். பெரிய கரடி நேராக டிரம்முக்கு வராது. காற்றின் கீழ்ப்பக்கமாக ஒரு வளையம் போட்டு முகர்ந்துவிட்டுத்தான் உள்ளே வரும். அந்த வளையத்தை ஓடையோ சதுப்போ வெட்டுகிற இடத்தில் பரணை வைப்பதுதான் வித்தை. பள்ளத்தாக்கின் அடியில் அமைந்த தளத்தில் மாலையில் காற்று சுழலும், அங்கே சின்னக் கரடிகள்தான் கிடைக்கும். ஒரு வேட்டைக்காரருக்குக் குறைந்தது இரண்டு தளமாவது ஒதுக்குகிறார்களா என்று கேளுங்கள். காற்று மாறினால் போக இன்னொரு இடம் வேண்டும். ஒரே தளத்தை நான்கு வாரமும் நான்கு பேருக்கு விற்கிற முகாம்களும் உண்டு. விலை குறைவாக இருப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

கொண்டுபோய் விடுகிற முறையைக் கவனித்தாலே வழிகாட்டியின் தரம் தெரிந்துவிடும். ஒரு மாதமாகத் தீனி போட வந்த அதே நான்கு சக்கர மோட்டார் சைக்கிளில்தான் உங்களையும் கூட்டிப்போக வேண்டும். எஞ்சின் சத்தம் கரடிக்குச் சாப்பாட்டு மணி. நீங்கள் ஏறி, பெல்ட் மாட்டி, ஆயுதத்தைக் கயிற்றில் மேலே இழுத்து முடிக்கும்வரை அவர் கீழே வாளியை டிரம்மில் தட்டிச் சத்தம் போட்டு நிரப்பிக்கொண்டிருப்பார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வந்தவர் ஒருவர், போனவர் ஒருவர் என்று கரடி நினைக்கும். மனித வாடை தளத்தில் எப்போதும் இருப்பதுதான், அதற்கு அது பழகிவிட்டது. மனிதன் இன்னும் அங்கேயே இருக்கிறான் என்று தெரிவதுதான் சிக்கல். சில சமயம் வண்டிச் சத்தம் அடங்கிப் பத்து நிமிஷத்திலேயே புதர் அசையும். பாதையில் இறக்கிவிட்டு "நேரே நடந்து போ, பரண் தெரியும்" என்று அனுப்பும் சேவைக்கு முழு விலை கொடுக்கத் தேவையில்லை. அதற்குப் பாதிச் சேவை என்று தனி விலை இருக்கிறது.

இனி பெரிய கரடி. விளம்பரம் எல்லாம் அதைச் சுற்றித்தான். மெய்னில் வளர்ந்த ஆண் கரடி 250 முதல் 600 பவுண்டு வரை போகும், பெட்டை 100 முதல் 400 வரை. இந்த இரண்டு எல்லைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் எடையை வைத்து ஆண் பெண் சொல்ல முடியாது. முகாம்கள் சொல்லும் எடையிலும் ஒரு குழப்பம் உண்டு. குடல் நீக்கிய எடையா, உயிர் எடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடல் நீக்கியதை 1.18ஆல் பெருக்கினால் உயிர் எடை தோராயமாக வரும். சுவரில் மாட்டிய படத்தில் வேட்டைக்காரர் கரடிக்கு நான்கு அடி பின்னால் உட்கார்ந்திருந்தால் எந்தக் கரடியும் பூதமாகத்தான் தெரியும். மண்டையோட்டு அளவு கேட்பதே மேல். நீளம், அகலம் இரண்டையும் கூட்டி, 60 நாள் உலர்ந்தபின் எடுக்கும் அளவு அது. வில் வேட்டைச் சாதனைகளுக்கான போப் அண்ட் யங் பதிவேட்டில் 18 அங்குலம் போதும். பூன் அண்ட் கிராக்கெட் என்ற இன்னொரு வேட்டைச் சாதனைப் பதிவேட்டில் 20 என்றால் மூன்றாண்டுப் பட்டியல், 21 என்றால் நிரந்தரப் பட்டியல்.

பரணிலிருந்து மதிப்பிட டிரம்மே அளவுகோல். நின்றால் உயரம் கிட்டத்தட்ட 35 அங்குலம், படுத்தால் 23. நிற்கும் டிரம்மின் உடம்பில் இரண்டு வளையப் புடைப்புகள் ஓடும். நாலு காலில் நிற்கும் கரடியின் முதுகு மேல் வளையத்தை ஒட்டி இருந்தால் அது இளசு. வளையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே என்றால் சராசரி. முதுகு விளிம்பைத் தொட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரம் படுத்திருக்கிறதா நிற்கிறதா என்பதை முதல் நாளே மனதில் பதித்துவிடுங்கள், ஆட்கள் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்தது காது. இளங்கரடியின் காது பெரிதாக, தலை உச்சியில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும். பெரிய ஆணுக்குத் தலை அகன்று காது இரண்டும் பக்கவாட்டுக்குத் தள்ளிப்போய்ச் சின்னதாகத் தெரியும். நெற்றி நடுவே ஒரு பள்ளக் கோடு ஓடும், வயிறு தரையை ஒட்டித் தொங்கும். ஈர மண்ணில் முன்பாதத் தடம் கிடைத்தால் அகலத்தை அங்குலத்தில் அளந்து ஒன்றைக் கூட்டுங்கள், தோலின் அளவு அடிக்கணக்கில் வரும். ஐந்து அங்குல அகலம் என்றால் ஆறடித் தோல்.

நடத்தை இன்னும் நம்பகமானது. சின்னக் கரடி நாலு மணிக்கே வரும், ஒரு வாய் தின்னும், தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்க்கும். திடீரென்று அது டோனட்டைப் போட்டுவிட்டு ஓடினாலோ மரம் ஏறினாலோ அசையாதீர்கள், அதைவிடப் பெரியது வருகிறது. ஆகஸ்ட் கடைசியில் அங்கே சூரியன் ஏழேகால் வாக்கில் மறையும். சட்டப்படியான நேரம் அதற்கு அரைமணி அப்பால்வரை. பெரிய ஆண் வெளிச்சத்தில் வந்தால் பெரும்பாலும் அந்தக் கடைசி முக்கால் மணியில்தான், அவசரமில்லாமல், முன்காலை உள்நோக்கிப் போட்டு ஆடி ஆடி நடந்து வரும். எனவே பெரியது வேண்டும் என்கிறவர் திங்கள் மாலை வந்த முதல் கரடியை விட்டுவிட வேண்டும். இதை வழிகாட்டி உங்களுக்காகச் செய்ய முடியாது. கரடி எதுவானாலும் சரி, கறியும் தோலும் போதும் என்பவருக்குத்தான் இந்த ஆறு நாள் சேவை கச்சிதமாகப் பொருந்தும்.

குட்டியோடு வரும் பெட்டையை விட்டுவிட வேண்டும் என்பதை முகாம் விதியாகவே வைத்திருப்பவரைத் தேர்ந்தெடுங்கள். தாய் முன்னால் வந்து குட்டிகளைப் பின்னால் மரத்தில் விட்டிருக்கலாம். தனியாக வந்த நடுத்தரக் கரடி என்றால் ஐந்து பத்து நிமிஷம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

கேமராப் படங்களைக் கேட்டு வாங்குங்கள். தேதியும் நேரமும் பதிந்தது, டிரம் முழுசாகத் தெரிவது, இந்தப் பருவத்தினது. இதில் மாலை நாலுக்கும் ஏழே முக்காலுக்கும் இடையே எடுத்தவை எத்தனை என்று மட்டும் எண்ணினால் போதும்.

ஆயுதத்தைப் பற்றி முகாம்கள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். .308, .30-06 தாராளம். 100 கெஜத்துக்குச் சரிசெய்த ரைஃபிள் 20 கெஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம் கீழே அடிக்கும், ஏனென்றால் தொலைநோக்கி குழலுக்கு மேலே ஒன்றரை அங்குலம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. கரடிக்கு அது பெரிய பிழையில்லை. ஆனால் ஒன்பது மடங்கு பெரிதாக்கும் நிலையில் வைத்திருந்தால் கண்ணாடி முழுக்கக் கறுப்பு மயிர்தான் தெரியும், எது தோள் எது இடுப்பு என்று புரியாது. மிகக் குறைந்த மடங்கில் வையுங்கள். வில்லோ ரைஃபிளோ, கரடி முழுப் பக்கவாட்டில் அல்லது சற்றே விலகி நின்று, உங்கள் பக்கத்து முன்காலை முன்னே வைக்கும்வரை காத்திருங்கள். மயிர் தொங்குவதால் உடம்பின் அடிக்கோடு உண்மையில் இருப்பதைவிடக் கீழே தெரியும். அதை நம்பிக் குறிவைத்தால் மார்புக்குக் கீழே போகும்.

அடிபட்ட கரடியைக் கண்டுபிடிப்பதில்தான் நல்ல வழிகாட்டிக்கும் மட்டமானவருக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பனிக்காலத்துக்காகச் சேர்த்த கொழுப்பு துளையை அடைத்துவிடும், மயிர் ரத்தத்தை உறிஞ்சிவிடும். ஐம்பது கெஜத்தில் விழுந்து கிடக்கும் கரடிக்குக்கூட ஒரு சொட்டு தடம் இருக்காது. அதனால்தான் அம்பு மறுபுறம் வெளியேறி இரண்டு துளை விழ வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். சுட்டதும் கீழே இறங்காமல், ஓடிய திசையில் கடைசியாகப் பார்த்த மரத்தைக் குறித்துக்கொண்டு காத்திருக்கச் சொல்பவர் சரியான ஆள். மெய்னில் கயிற்றில் கட்டிய நாயை வைத்து அடிபட்ட விலங்கைத் தேட உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரின் தொலைபேசி எண் முகாமில் இருக்கிறதா, அந்தச் செலவு யாருடையது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் சதுப்பில் நின்று பேச வேண்டிய விஷயம் இல்லை இது.

சேவையின் பலவீனமான பகுதி கறியும் தோலும். ஆகஸ்ட் இரவு வெதுவெதுப்பாக இருக்கும். கரடிக்கு மயிரும் கொழுப்பும் போர்வை மாதிரி, சூடு உள்ளேயே தங்கும். படம் எடுப்பதற்காக ராத்திரி முழுக்க முற்றத்தில் தொங்கவிட்டால் காலையில் கறி கெடத் தொடங்கியிருக்கும், தோலில் மயிர் உதிரும். உடனே குடல் நீக்கி, உள்ளே ஐஸ் பைகளை அடைத்து, விரைவில் தோலுரித்துக் குளிரறையில் வைப்பதுதான் முறை. முகாமில் குளிரறை உண்டா என்பதைச் சாப்பாட்டு மெனுவுக்கு முன்னால் கேளுங்கள். பதிவு நிலையத்தில் கரடியைப் பதிவு செய்யும்போது ஒரு பல்லையும் கொடுக்க வேண்டும், வயதுக் கணக்கெடுக்க. தோலை உறைய வைப்பதற்கு முன் பாதம், உதடு, காது பகுதிகளை நன்றாகக் குளிரவிட வேண்டும், கெடுவது முதலில் அங்கேதான்.

கறியை உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை சமைக்க வேண்டும். டிரிக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழு கரடிக் கறியில் சகஜம், அதில் சில வகை உறைநிலையிலும் சாகாது. 2022இல் கனடாவின் சஸ்காட்செவனில் அடித்த கருங்கரடியின் கறி 45 நாள் உறைபெட்டியில் இருந்தது. அதை அரைவேக்காட்டில் சாப்பிட்ட குடும்பத்தில் பலருக்குத் தொற்று வந்தது. கூடச் சமைத்த காய்கறியை மட்டும் தின்றவர்களும் அதில் தப்பவில்லை.

எந்த வாரம் போவது? தீனி வைத்து வேட்டையாட நான்கு வாரம்தான் அனுமதி. செப்டம்பரில் நாய்களை வைத்து வேட்டையாடுகிறவர்களின் பருவமும் தொடங்கிக் கடைசி இரண்டு வாரம் இரண்டும் ஒன்றாக ஓடும். தீனி, நாய், பொறி மூன்றுக்கும் அனுமதியுள்ள ஒரே அமெரிக்க மாநிலம் இது. மூன்றையும் தடை செய்யச் சொல்லி 2004இலும் 2014இலும் நடந்த வாக்கெடுப்புகள் தோற்றன. முதல் வாரத்துக்குத்தான் கிராக்கி, விலையும் அதற்கேற்ப. காட்டில் பெர்ரியும் பீச் மரக் கொட்டையும் எப்படி இருக்கின்றன என்பதும் சேர்த்தி. பீச் அங்கே ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் நன்றாகக் காய்க்கும். காய்த்த வருஷம் கரடி டோனட்டைச் சீந்தாது, காய்க்காத வருஷம் டிரம்முக்கு வரிசையில் நிற்கும். முன்பதிவு செய்யும்போது அடுத்த வருஷம் எந்த வகை என்று வழிகாட்டியிடம் கேட்டால், தொழில் தெரிந்தவர் பட்டென்று சொல்லிவிடுவார்.

முன்பணம் பெரும்பாலும் பாதி, திருப்பித் தர மாட்டார்கள். கரடியே வராவிட்டால் காசு திரும்பும் என்று வாக்குக் கொடுக்கிற முகாமை நம்பாதீர்கள். ஆனால் நீங்கள் வர முடியாமல் போனால் அடுத்த வருஷத்துக்கு மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வாடிக்கையாளர்களின் எண் கேட்டால், கரடி கிடைக்காமல் திரும்பிய இருவரின் எண்ணைக் கேளுங்கள். தளங்களை நவம்பர் 10க்குள் டிரம், பரண், குப்பை எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்யாமல் நில உரிமையாளரிடம் கெட்ட பெயர் வாங்கியவருக்கு மறு வருஷம் நல்ல இடம் கிடைக்காது, அவரிடம் பதிவு செய்த உங்களுக்கும்தான்.